கடுகளவுப் பொத்தான்

பெருந்துறையில் எங்கள் வீட்டு மேஜைமீது விசுவாசமாக ஊழியம் புரிந்துவரும் சிறு கணினியின் பழைய வைஃபை அட்டை, தெருவிலுள்ள அத்தனை வீடுகளின் சமிக்ஞைகளும் முட்டிமோதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் சந்தொன்றையே அறிந்திருந்தமையால், 2018-இல் நமது சர்க்கார் உரிமமின்றி விசாலமாகத் திறந்துவிட்ட 5 கிகாஹெர்ட்ஸ் ராஜபாட்டை அதற்கு எட்டாமலே இருந்தது.

புதிய அட்டையோ 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமுமே உடையது, தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, விரலில் தேங்கிய நிலைமின்சாரம் ஒழிய இரும்புக் கூட்டைத் தொட்டுவிட்டு, ஒற்றைத் திருகைக் கழற்றியதும், பழைய அட்டை தானாகவே ஒரு பக்கம் தலைதூக்கி நின்றது. அதுவரை எல்லாம் சுலபம். ஆன்டெனாக் கம்பிகள் இரண்டின் நுனியிலும் கடுகளவே உள்ள பித்தளை வளையத்தை, அட்டையிலுள்ள பொத்தானின்மேல் நேர்செங்குத்தாக அமர்த்தி, நகத்தால் அழுத்தி, அந்தச் சூக்ஷ்மமான 'டிக்' என்னும் ஸ்பரிசம் விரலுக்குத் தெரியும்வரை பொறுத்திருப்பதில்தான் இந்த வித்தையின் ரசம் முழுதும் இருக்கிறது.

"கம்மலுக்குத் திருகாணி மாட்டறாப்புல இருக்குது கண்ணு" என்றார் அம்மா. அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை.

1895-இல் கல்கத்தாவில், கம்பியின்றிச் சுவருக்கு அப்பால் மணியொலிக்கச் செய்த ஜகதீச சந்திர போஸின் நினைவும் அப்போது வந்தது.

இவ்வேலையில் இறங்குவோர், எந்தக் கம்பி எந்தப் பொத்தானில் இருந்ததென்று முன்னதாகவே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.