ஈரத்துணி தூரம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் பண்ணினான். காலேஜில் என்னோடு பி.காம். படித்தவன். அவன் ஆடிட்டர் ஆனான்; நான் பத்திரிகைக்காரன் ஆனேன். அவன் குடும்பத்தோடு ஸ்பெயின் போகிறான். நான் அந்த நேரத்தில் அக்காள்மடத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நுங்கு தின்றுகொண்டிருந்தேன். யார் உருப்பட்டார்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"டேய், சான்டியாகோன்னு ஒரு ஊரு. ரெண்டு ராத்திரி தங்கணும். பழைய டவுன் நடுவுலயே, பழைய கட்டடமா, பெரிய ஓட்டலா இருக்கணும்னு வீட்ல ஆர்டர். ஏழெட்டு பார்த்துட்டேன். எல்லாத்துலயும் 'கதீட்ரலிலிருந்து நடக்கும் தூரம்'னு போட்டிருக்கான். எதைடா எடுக்கிறது?"

நடக்கும் தூரம்! ஓட்டல்காரர்கள் கண்டுபிடித்த வார்த்தைகளிலேயே பெரிய பித்தலாட்டம் இதுதான். யார் நடக்கும் தூரம் சார்? காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிற முப்பது வயசுக்காரர் நடக்கும் தூரமா, முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற உங்கள் மாமியார் நடக்கும் தூரமா? நாலு சக்கரப் பெட்டியை கருங்கல் பாவிய சந்தில் இழுத்துப் பார்த்திருக்கிறீர்களா? முந்நூறு மீட்டரில் ஒரு சக்கரம் ராஜினாமா செய்துவிடும்.

எங்கள் ராமேஸ்வரத்தில் இதற்கு நேர்மையான அளவு ஒன்று உண்டு. அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல். அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். வாளி வாளியாகத் தலையில் கொட்டுவார்கள். முடித்து வெளியே வரும்போது நீங்கள் தொப்பலாக நனைந்திருப்பீர்கள். ஈரத்துணியோடு சுவாமி சன்னதிக்குப் போகக் கூடாது. மாற்றிக்கொண்டு வர வேண்டும். ஆக, புடவை காலில் சுற்ற, பல் கிட்ட, ஊர் பார்க்க, உங்களால் எவ்வளவு தூரம் கூச்சமில்லாமல் நடக்க முடியுமோ, அதுதான் ராமேஸ்வரத்தில் நல்ல ரூமின் எல்லை. ஈரத்துணி தூரம். ரத வீதிகளில் இருக்கிற சாதாரண லாட்ஜ் இந்தப் பரீட்சையில் பாஸ். ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் இருக்கிற நட்சத்திர ஓட்டல்கள், மெத்தை எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், ஃபெயில். அங்கே தங்கினால் ஈரத்தோடு ஆட்டோ பிடிக்கணும்.

கோயிலுக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். 'ஸீ வியூ' ரூம் என்று ஓர் இடத்தில் கூடுதல் காசு வாங்கினார்கள். பெயர் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் கறுப்பு நிற தண்ணீர் டேங்க். டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்தில் வங்காள விரிகுடா. ரூம் பாய் ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் சாஞ்சு பாருங்க சார், தெரியும்" என்றான்.

நண்பனுக்கு வருகிறேன். ஐரோப்பிய ஊர்களின் பழைய மையத்தில் ஓட்டல் எடுப்பவர்கள் ஏமாறுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டடம் அரண்மனையாக இருந்திருக்கும். ஆனால் அரண்மனையில் ராஜாவும் இருந்தார், ராஜாவுக்குக் காபி கொண்டுவந்தவரும் இருந்தார். உங்களுக்குக் கிடைக்கப்போவது யார் ரூம் என்று கேட்க வேண்டும். விளம்பரப் படத்தில் இருப்பது முதல் மாடி. உங்களுடையது கூரை சரிந்து தலையில் இடிக்கிற நாலாவது மாடி. லிஃப்ட் இருக்கிறதா, இருந்தால் உங்கள் மாடி வரை வருகிறதா என்பது இரண்டாவது கேள்வி. கோடையில் போனால் ஏ.சி. உண்டா என்பது மூன்றாவது. பழைய கட்டடங்கள் பலவற்றில் வைக்க அனுமதி கிடைக்காது. நகராட்சிகள் பலவும் தலைக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு சுற்றுலா வரி வாங்கும். நீங்கள் ரூமுக்குக் கட்டிய பணத்தில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. இத்தாலியில் வாடகைக் கார் எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று: ஃப்ளாரன்ஸ், ரோம் மாதிரி ஊர்களின் பழைய பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா படம் பிடிக்கும். சொந்த ஊர் திரும்பி, போட்டோவெல்லாம் காட்டி முடித்த பிறகு அபராதச் சீட்டு வரும். ஓட்டலிடம் முன்கூட்டியே வண்டி நம்பரைக் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

இதெல்லாம் சில்லறை விஷயம். எனக்குப் பெரிய சந்தேகம் வேறு.

அக்கவுன்டன்ஸி வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுத்தது தேய்மானம். கட்டடம் பழசாக ஆக, புத்தகத்தில் மதிப்பு குறையணும். ஓட்டல் தொழிலில் மட்டும் தலைகீழ். பழசாக ஆக வாடகை ஏறுகிறது. ஓடு உடைந்தால் 'கேரக்டர்'. கதவு கிறீச்சிட்டால் 'ஹெரிடேஜ்'. அந்தக் கூடுதல் காசு எதற்கு? நம் ஊரில் எவனோ கொத்தனார் எப்போதோ ஒழுங்காகச் செய்த வேலைக்கு இன்றைக்கு யாரோ பில் போடுகிறார். தப்பென்று உடனே சொல்லிவிடவும் முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய மேரி கட்டடம், நகராட்சி வசமிருந்து, கவனிப்பாரில்லாமல் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. பிறகு பழைய மாதிரியே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அதே வெள்ளை நகரத் தெருக்களில் ஓட்டலாக மாறிய பழைய வீடுகள் சுண்ணாம்பு மின்ன நிற்கின்றன. செட்டிநாட்டிலும் இதே கதைதான்: ஓட்டலான வீட்டில் தேக்குத் தூண் நிற்கிறது, ஆகாத வீட்டின் தூண் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்கு வந்துவிடுகிறது. எனவே, பழைய கட்டடத்தில் ஆடம்பர ஓட்டல் நடத்துகிறவரைத் திட்டுவதற்கு முன்னால் நான் பத்து எண்ணுகிறேன்.

எண்ணி முடித்த பிறகும் மிச்சமிருக்கிற கேள்வி: அந்தக் கட்டடம் முன்பு யாருக்காகத் திறந்திருந்தது? இப்போது யாருக்காக?

நான் உட்கார்ந்திருந்த ஊரின் பெயரே ஒரு தங்குமிடத்தின் பெயர். பாம்பன் பாலம் இறங்கினால் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். ஊரில் சொல்கிற கதை இது. சின்ன விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். முத்து விஜய ரகுநாத சேதுபதி காலம் என்பார்கள். ராமேஸ்வரம் யாத்ரீகர்களிடம் கடல் தாண்டக் காசு வாங்கக் கூடாது என்பது மன்னரின் உத்தரவு. மருமகன் தண்டத்தேவர் வாங்கினார். தன் பைக்கு அல்ல. பாம்பனிலிருந்து கோயிலுக்கு மணலில் கால் புதையாமல் போக ஒரு பாதை போடுவதற்கு. அவர் போட்ட பாதை நல்ல பாதைதான். ஆனாலும் சிவத்துரோகம் என்று மரண தண்டனை. அவருக்கு மனைவியராக இருந்த மன்னரின் இரண்டு மகள்களும் தீயில் இறங்கினார்கள். அக்காள் நினைவாக ஒரு மடம், தங்கை நினைவாக ஒரு மடம். யாத்ரீகர்கள் வந்து தங்கிப்போக.

இந்தக் கதையைச் சின்ன வயசில் கேட்டபோது எனக்கு ராஜா மேல் கோபம். காமர்ஸ் படித்தபோது மருமகன் பக்கம் சாய்ந்தேன். பயன்படுத்துகிறவன் கட்டணம் கட்டுகிறான், இதிலென்ன தப்பு? டோல்கேட்டில் நாம் நிற்பதும் அதே கணக்குதானே! இப்போது நாற்பதைத் தாண்டிய பிறகு, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுவதுதான் தொல்லை. பாதை வேண்டும். காசில்லாதவனும் போக வேண்டும். ஆனால் ஒரு மனுஷன் தலையை வாங்குகிற அளவுக்கு அந்த உத்தரவு பெரிதா என்ற பழைய கோபமும் முழுசாகப் போகவில்லை.

சேது யாத்திரைப் பாதை முழுக்க இப்படிச் சத்திரங்கள்தான். தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1801-ல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் வருமானத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்பதுதான் சாரம். காசியிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று விவரிக்கிறார்: எல்லாச் சாதியாருக்கும் சாப்பாடு, நோய்ப்பட்டால் வைத்தியம், குணமாகும்வரை தங்கலாம், பிரசவம் என்றால் அதற்கும் கவனிப்பு. எந்த ஐந்து நட்சத்திர ஓட்டலிலாவது ரூம் சர்வீஸில் பிரசவம் பார்ப்பார்களா? ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தைப் பாருங்கள். கல்லில் சக்கரமும் குதிரையும் வைத்து தேர் மாதிரி கட்டியிருக்கிறார்கள். இலவச விடுதிக்கு இந்த அலங்காரம்! பிற்காலத்தில் அது மாணவர் விடுதியாக இருந்தது. இன்றைக்கு யாராவது குத்தகைக்கு எடுத்தால் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு போடுவார்கள் என்று மனசு கணக்குப் போடுகிறது. 7,500 ரூபாய்க்கு மேல் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம்.

இப்போது சான்டியாகோ. அந்த ஊரும் ராமேஸ்வரம் மாதிரிதான். கிறிஸ்துவின் சீடர் யாக்கோபுவின் கல்லறை என்று நம்புகிற இடத்துக்கு நூற்றாண்டுகளாக ஐரோப்பா முழுவதிலுமிருந்து நடந்து வருகிறார்கள். கடைசி 100 கிலோமீட்டராவது நடந்தால்தான் இன்றும் கால்நடையாக வந்தவர் என்று சான்றிதழ். கொலம்பஸுக்குக் கப்பல் கொடுத்தனுப்பினார்களே இசபெல்லா, ஃபெர்டினாண்ட், அந்த ராணியும் ராஜாவும்தான் கதீட்ரல் சதுக்கத்திலேயே 1500-களின் தொடக்கத்தில் யாத்ரீகர்களுக்கு மருத்துவமனையும் விடுதியுமாக ஒரு பெரும் கட்டடம் எழுப்பினார்கள். நடுவில் நாலு முற்றம். நடந்து வந்தவனுக்கு மூன்று நாள் தங்கலும் சாப்பாடும். நம்ம சத்திரமேதான்.

1954-ல் அதை ஆடம்பர ஓட்டல் ஆக்கினார்கள். பிறகு ஸ்பெயின் அரசின் 'பரடோர்' ஓட்டல் வரிசையில் ஐந்து நட்சத்திரத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய கோட்டை, மடம், மாளிகைகளை இடிய விடாமல் ஓட்டலாக்கி அரசே நடத்துகிற ஏற்பாடு, 1928-லிருந்து இருக்கிறது. சத்திரம் போச்சு, ஸ்டார் ஓட்டல் வந்தாச்சு என்று தலையில் அடித்துக்கொள்ளத் தயாரானேன். அங்கேதான் ஒரு விஷயம் இடறியது. ஓட்டலான பிறகும், தினமும் நடந்து வந்து சேர்கிற யாத்ரீகர்களில் முதல் பத்துப் பேருக்கு இலவசச் சாப்பாடு என்ற வழக்கத்தை அவர்கள் விடவில்லை.

பத்தே பேர். சீசனில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து சேர்கிற ஊரில் பத்து சாப்பாடு என்பது உப்புக்குப் பெறுமா? கம்பெனி ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்பு என்று அரைப் பக்கம் போடுவார்களே, அந்த ரகம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் மீதிப் பாதி, பூஜ்யத்துக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்கிறது. எட்டு ஓட்டலில் ஏழு பேர் பழைய சுவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இவர்கள் சுவரோடு, அந்தச் சுவர் எதற்காக எழுந்தது என்ற ஞாபகத்தையும் ஒரு மூலையில் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊரிலேயே எனக்கு இதைவிடப் பிடித்த ஏற்பாடு ஒன்றும் உண்டு. கதீட்ரலுக்கு எதிரே சான் மார்ட்டின் பினாரியோ என்று பழைய பெனடிக்ட் சபை மடம். ஒரு பகுதி ஓட்டல். மேல் மாடியில் மட்டும் நடந்து வந்தவர்களுக்கென்று சின்னச் சின்ன அறைகள்: கட்டில், மேஜை, குறைந்த வாடகை. பணம் இருக்கிறவரும் இல்லாதவரும் ஒரே வாசல் வழியாக உள்ளே போகிறார்கள். நண்பனிடம் இதைத்தான் முதலில் சொன்னேன்.

"டி.வி. இருக்காடா ரூம்ல?" என்றான்.

நான் பரடோருக்கு இறங்கி வந்தேன். ஈரத்துணி தூரத்தில் அது பாஸ். வாசலைத் தாண்டினால் கதீட்ரல் சதுக்கம். கலீசியா மழைக்குப் பேர்போன பகுதி, அதனால் அவனுக்கு இந்தப் பரீட்சை நிஜமாகவே உதவும். சதுக்கம் பார்த்த ரூம் கேட்காதே, முற்றம் பார்த்த ரூம் கேள், ராத்திரி கூட்டத்தின் சத்தம் குறையும் என்றேன். மணிச் சத்தத்துக்கு மட்டும் என்னால் கேரன்ட்டி கொடுக்க முடியாது.

போனை வைத்ததும் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஓட்டல் கவலைதான். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்து வண்டி ஓட ஆரம்பித்த பிறகு, ரோட்டோரத்து வீடுகளை ஆள் மாற்றி ஆள் வந்து விசாரிக்கிறார்களாம். வீட்டையும் பின்னால் இருக்கிற தென்னந்தோப்பையும் சேர்த்துக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். திண்ணையை ரிசப்ஷன் ஆக்குவார்களாம்.

"நீ பேப்பர்ல எழுதுறவன். நாலு ஓட்டல் பாத்தவன். குடுக்கலாமா தம்பி?"

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ரோட்டுப் பாலம் 1988-ல்தான் வந்தது. அதற்கு முன்னாலேயே ரயிலில் பாம்பன் ஸ்டேஷனில் வந்து இறங்கிய மருமகள். பாத யாத்திரை போகிறவர்கள் இந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். பானை அவர் பொறுப்பு. இன்னொரு பக்கம், ஓடு மாற்ற இரண்டு வருஷமாகக் காசில்லை. சமையல்கட்டில் ஒழுகுகிறது. அண்ணனுக்கு ஒரு பெண்ணும் கல்லூரிக் கட்டணமும் இருக்கின்றன. 'குடுக்காதீங்க அண்ணே, பாரம்பரியம்' என்று சொல்லிவிட்டு சென்னைக்கு ரயில் ஏறுவது எனக்குச் சுலபம். ஒழுகுகிற வீடு எனக்கில்லை.

குத்தகைப் பத்திரத்தில் திண்ணையைச் சேர்க்காதீர்கள், தோப்பையும் பின்கட்டையும் மட்டும் கொடுங்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் போகாதீர்கள், ஓடு மாற்றும் செலவு அவர்கள் கணக்கில் என்று எழுதி வாங்குங்கள் என்றேன். காமர்ஸ் படித்ததற்கு அவ்வளவுதான் வருகிறது. திண்ணை இல்லாமல் அவர்கள் எடுப்பார்களா தெரியவில்லை. அண்ணன் தலையாட்டினார். பெரியம்மா உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க தங்க வாரவுக சாப்பாட்டுக்கு என்ன செய்வாக?"

"காசு குடுத்துச் சாப்பிடுவாங்க பெரியம்மா."

"காசில்லாதவுக?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நுங்கைப் பார்த்தேன்.

நண்பன் பரடோரில் இரண்டு ராத்திரி புக் பண்ணிவிட்டதாக நேற்று சொன்னான். சாப்பாட்டு வேளையில் கீழே இறங்கிப் போய், அந்தப் பத்துப் பேர் நிஜமாகவே வருகிறார்களா, எங்கே உட்காரவைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஆடிட்டர்தானே, எண்ணிவிடுவான். வந்ததும் எழுதுகிறேன்.