கரடியும் தலைப்பும்

2017 ஆகஸ்டில் கனடாவின் வடகோடியில், ஸாமர்செட் தீவில், பால் நிக்லென் படம்பிடித்த துருவக் கரடியைப் பலரும் பார்த்திருப்பார்கள். எலும்பும் தோலுமான உடல், பின்னங்கால்கள் இழுபடுகின்றன, தரையில் பனியே இல்லை. டிசம்பரில் அது வெளிவந்தபோது நேஷனல் ஜியாக்ரஃபிக் ஒரு வரியைச் சேர்த்தது: பருவநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்று.

அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை. கடல்பனி குறைந்துவருவது உண்மை. அதன்மேல் நின்று சீல் வேட்டையாடும் கரடியினத்துக்கு அது பட்டினி என்பதும் உண்மை. ஆனால் இந்தக் கரடி நோயாலோ காயத்தாலோ மூப்பாலோ மெலிந்திருக்கலாம். படத்துக்குள் காரணம் இல்லை. உடனிருந்த கிறிஸ்டினா மிட்டர்மையரே இதை 2018இல் எழுதினார். பத்திரிகையும் தான் எல்லை மீறியதை ஒப்புக்கொண்டது.

என்னை உறுத்துவது விஞ்ஞானப் பிழை மட்டுமல்ல. ஒரு பிராணியின் வதையை ஒரு வாதத்துக்குச் சாட்சியாக்கிய கணமே பிராணி மறைந்து சின்னம்தான் மிஞ்சுகிறது. நாமும் கரடியை விட்டுவிட்டு நம் குற்றவுணர்வைப் பார்க்கத் தொடங்குகிறோம். நல்ல நோக்கம் இதற்குச் சமாதானம் ஆகாது. தலைப்பு ஆட்டம் கண்டதும், பனி உருகுவதையே மறுப்பவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

படிமத்தை எழுதிவிட்டு அடியில் அர்த்தத்தையும் எழுதிவைக்கும் கவிஞனைப்பற்றி என்ன சொல்வோமோ, அதையேதான் இங்கும் சொல்லவேண்டியிருக்கிறது. அவன் வாசகனை நம்பவில்லை. நிக்லெனின் கரடியைத் தலைப்பில்லாமல் இன்னொரு தரம் பாருங்கள். காரணம் தெரியாத அந்தப் பசி அப்போதும் தாங்கமுடியாததாகத்தான் இருக்கிறது.