கரண்ட் குறைஞ்சா யாரை நிறுத்துவாங்க? டேட்டா சென்டர் விவாதம் பற்றி ஒரு குறிப்பு

2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக கூகுள் அறிவித்தது. அதிலிருந்து தமிழ்நாட்டில் டேட்டா சென்டர் விவாதம் இரண்டு அணியாகப் பிரிந்துவிட்டது. "நமக்கு ஏன் வரலை?" என்பது ஓர் அணி. "நல்லவேளை வரலை, கரண்டும் தண்ணியும் தப்பிச்சது" என்பது இன்னோர் அணி. நான் தொழிலால் மென்பொருள்காரன். நான் எழுதுகிற கோடு ஓடுவதும் இப்படி ஒரு கட்டடத்துக்குள்தான். குடியிருப்பது திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவில். இரண்டு பக்கத்தையும் படித்துப் பார்த்ததில், ரெண்டு அணியுமே முக்கியமான கேள்வியை விட்டுவிட்டு எண்களை வைத்துச் சண்டை போடுவதாகத்தான் தோன்றுகிறது.

முதலில், அதிகம் சுற்றுகிற எண். ஏஐயிடம் ஒரு கேள்வி கேட்டால் எவ்வளவு கரண்ட் போகும்? கூகுள் 2025 ஆகஸ்டில் தானே ஒரு கணக்கு வெளியிட்டது. ஜெமினியிடம் கேட்கும் ஒரு சராசரி எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட்-மணி. நம்ம ஊர்க் கணக்கில் பார்ப்போம். 5 எச்பி மோட்டார் ஒன்று முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 3.7 யூனிட். அதாவது 15,000 கேள்விகளுக்கு மேல். கம்பெனி சொன்ன கணக்கை அப்படியே நம்ப வேண்டாம், பத்து மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அப்போதும் தனி மனிதன் கேள்வி கேட்பதால் நாடு இருட்டாகப் போவதில்லை. அதைச் சொல்லிக் குற்ற உணர்ச்சி கிளப்புவது வீண்.

அடுத்தது சதவீதச் சண்டை. சர்வதேச எரிசக்தி முகமையின் 2025 ஏப்ரல் அறிக்கைப்படி, உலக டேட்டா சென்டர்கள் 2024-ல் சுமார் 41,500 கோடி யூனிட் செலவழித்தன. உலக மின் நுகர்வில் 1.5 சதவீதம். 2030-ல் இது 94,500 கோடி யூனிட் ஆகலாம் என்கிறது அதே அறிக்கை. ஆதரவாளர்கள் 1.5-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் அயர்லாந்தைக் காட்டுகிறார்கள். அங்கே 2015-ல் 5 சதவீதமாக இருந்தது, 2024-ல் 22 சதவீதம்.

ரெண்டுமே உண்மை. ஆனால் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு ஊரின் நிலைமையைச் சொல்ல முடியாது. அயர்லாந்தில் சிக்கல் நாடு முழுக்கச் சமமாக வரவில்லை. எல்லாம் டப்ளினைச் சுற்றிக் குவிந்தன. நமக்கும் அப்படித்தான். கடலடி கேபிள்கள் கரையேறுவது சென்னையில், அதனால் அம்பத்தூர், சிறுசேரி என்று அங்கேயே குவிகின்றன. 100 மெகாவாட் டேட்டா சென்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட். அதில் 100 என்பது அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் அது ராத்திரி, பகல், தீபாவளி, பொங்கல் என்று எதுவும் பார்க்காது. முழுச் சுமையில் ஓடினால் வருஷத்துக்கு 87.6 கோடி யூனிட். அதற்கென்று தனித் துணைமின் நிலையமும் உயரழுத்தக் கம்பியும் வேண்டும். மாநிலக் கணக்கில் தூசு, அந்தப் பகுதிக்கு மலை.

சரி, முக்கியமான கேள்வி என்ன? மின்சாரம் பத்தாமல் போகும் நாளில் யாரை முதலில் நிறுத்துவார்கள் என்பது ஒன்று. புதுக் கம்பிக்கும் துணைமின் நிலையத்துக்கும் யார் காசு கொடுப்பார்கள் என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குத் திருப்பூர் ஏற்கெனவே பதில் பார்த்த ஊர். 2008 நவம்பரில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. 2012 பிப்ரவரி கடைசியில் சென்னையில் மின்வெட்டு 2 மணி நேரமாக உயர்ந்தபோது அது பெரிய செய்தி. அதே வருஷம் வெளி மாவட்டங்களில் பல நாள் 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. நிட்டிங் மெஷின் நடுவில் நின்று மறுபடி ஓடினால் துணியில் கோடு விழும். சாயம் ஏறிக்கொண்டிருக்கும்போது நின்றால் ஷேடு மாறும். பெரிய கம்பெனி டீசல் ஊற்றிச் சமாளித்தது. நாலு மெஷின் வைத்த பவர்டேபிள்காரர் என்ன செய்வார்? ஈ.பி. வரும் வரை ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தொழிற்சாலைகளுக்கான கட்டுப்பாடு முழுதாக நீங்க 2015 ஆகிவிட்டது. அந்த வருஷங்களில் பற்றாக்குறை எல்லோருக்கும் பொது. வெட்டு மட்டும் இடத்துக்கு இடம் வேறு.

இப்போது டேட்டா சென்டரைப் பாருங்கள். பேட்டரியும் டீசல் ஜெனரேட்டரும் கட்டடத்தோடு சேர்ந்தே வருகின்றன. வெட்டைத் தாங்கும் சக்தி அதிகம் உள்ள நுகர்வோர் அவர்கள்தான். ஆனால் தடையில்லா மின்சாரம் என்ற வாக்குறுதி அவர்களுக்குத்தான் முதலில் தரப்படுகிறது. 2021 நவம்பரில் வந்த தமிழ்நாடு டேட்டா சென்டர் கொள்கை இரட்டை மின்வழி, மின்வரிச் சலுகை என்று பேசுகிறது. பற்றாக்குறை வரும்போது இவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் அதே கனத்தோடு பேசப்பட வேண்டாமா? அமெரிக்காவின் டெக்சாஸில் 2025 ஜூனில் ஒரு சட்டம் போட்டார்கள். புதிதாக இணையும் 75 மெகாவாட்டும் அதற்கு மேலுமான நுகர்வோரை, நெருக்கடி நேரத்தில் துண்டிக்க வழி இருக்க வேண்டும் என்று. டெக்சாஸ் தொழிலுக்கு எதிரான மாநிலம் என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வி, காசு. ஆதரவாளர்களிடம் இங்கே ஒரு நல்ல வாதம் இருக்கிறது. 24 மணி நேரமும் ஒரே சீராக எடுத்து, உயரழுத்தக் கட்டணம் கட்டும் வாடிக்கையாளர் மின்வாரியத்துக்கு லாபம்தான். ஆனால் அவரே கேப்டிவ் முறையில் வெளியிலிருந்து மின்சாரம் எடுத்தால் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கிடையாது. அப்போது அந்த வாதத்தின் பாதி போய்விடும். (காற்றாலை வைத்திருக்கும் நம்ம ஊர் ஏற்றுமதியாளர்களுக்கும் இதே விதிதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.) இன்னொரு ஆபத்து: 100 மெகாவாட் வேண்டும் என்று கேட்டு, வாரியம் கம்பி இழுத்த பிறகு 30 மட்டும் எடுத்தால்? மீதி முதலீட்டின் வட்டி எல்லோர் பில்லிலும் ஏறும். ஒஹையோவில் 2025 ஜூலையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அங்குள்ள பெரிய மின் விநியோக நிறுவனத்திடம் 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் புது டேட்டா சென்டர்கள், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கேட்டதில் 85 சதவீதத்துக்குப் பணம் கட்ட வேண்டும், 12 வருஷம் வரை.

சிறு தொழிலுக்கு இது சும்மா கணக்கு இல்லை. 2022 செப்டம்பருக்கு முன் தாழ்வழுத்தத் தொழிற்சாலைக்கு நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 35 ரூபாய். 112 கிலோவாட் வைத்தவருக்கு மாதம் 3,920. அது ஒரே அடியில் நாலு மடங்குக்கு மேல் போனது. மெஷின் ஓடாத மாதத்திலும் கட்ட வேண்டும். அதை எதிர்த்துத்தான் 2023 செப்டம்பர் 25 அன்று சிறு தொழில்கள் ஒரு நாள் கதவடைத்தன.

"நாங்கள் நூறு சதவீதம் பசுமை மின்சாரம்" என்ற பதிலையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டுக்கு மேல். ஆனால் காற்று நன்றாகப் பிடிப்பது மே முதல் செப்டம்பர் வரை. சர்வர் டிசம்பரிலும் ஓடும். வருஷக் கணக்கில் நேர் செய்வது ஒன்று, மணிக்கு மணி நேர் செய்வது வேறு. கூகுளே 2017-ல் வருஷக் கணக்கை எட்டிய பிறகு, 2020-ல்தான் மணிக்கணக்கை 2030-க்கான இலக்காக வைத்தது. வித்தியாசம் அவர்களுக்கே தெரியும்.

திருப்பூர்க்காரன் இதைக் கேட்க ஒரு காரணம் உண்டு. சாயப்பட்டறைகள் தங்கள் செலவை நொய்யல் மீது இறக்கி வைத்தன. ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கியது. ஏற்றுமதி எண்ணைக் காட்டி வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோதுதான் சுத்திகரிப்புச் செலவு பட்டறைக் கணக்குக்கு வந்தது. தொழில் அழியவில்லை. ஆனால் அதற்குள் விவசாயி இழந்தது திரும்பவில்லை. செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதி வைத்திருந்தால் இரண்டு பக்கமும் இவ்வளவு அடிபட்டிருக்காது.

டேட்டா சென்டருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. 2022-ல் போட்ட மின்கட்டண உத்தரவு 2026-27 வரைக்குமானது. அடுத்த உத்தரவுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மக்கள் கருத்து கேட்கும்போது, போன முறை மாதிரி சிறு தொழில்காரர்கள் நிலைக்கட்டணத்தோடு நின்றுவிடக் கூடாது. மூன்று விஷயங்கள் எழுத்தில் கேட்கலாம். பெரிய டேட்டா சென்டர்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவு. கேட்ட அளவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம். பற்றாக்குறை நாளில் சொந்த ஜெனரேட்டருக்கு மாறும் கட்டாயம், அதன் புகைக்கும் ஒரு வரம்போடு. இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டு வருகிற டேட்டா சென்டர் தாராளமாக வரட்டும், என் கோடும் அங்கேயே ஓடட்டும்.