செயப்பாட்டு வினையும் செய்தவர்களும்

இலக்கணம் கருத்தியலுக்கு வெளியே நிற்கும் ஒன்று என்கிற நம்பிக்கை நம் முற்போக்கு வட்டாரங்களிலும் உறுதியாகவே இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் கை வைத்தால் கண்டனக் கூட்டம் போடுகிறோம். அதே புத்தகப் பையில் கிடக்கும் இங்கிலீஷ் கிராமர் புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. 'கிராமர்ல என்னங்க அரசியல்?' என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். சவ்வாது மலை அடிவாரத்துச் சந்தவாசலில், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் எழுதப் பழக்கி வருகிறேன். அந்த முறையில், கிராமர் புத்தகத்தின் ஒரே ஒரு பாடத்தை மட்டும் இங்கே வாசித்துப் பார்க்கிறேன்: ஆக்டிவ் வாய்ஸ், பேசிவ் வாய்ஸ்.

ராமன் மாம்பழம் தின்றான். ராமனால் மாம்பழம் தின்னப்பட்டது. செயப்படுபொருளை முன்னே கொண்டுவா, 'வாஸ்' போடு, 'பை' சேர்த்து ராமனைக் கடைசியில் தள்ளு. செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலோ, முக்கியமில்லை என்றாலோ 'பை'யோடு சேர்த்து அவரை விட்டுவிடலாம் என்று ஓர் உபவிதியும் உண்டு. பரீட்சைக்கு அவ்ளோதான். ஒரு வாக்கியத்தை ஏன் மாற்ற வேண்டும், மாற்றினால் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. 1930களில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளை முதன்மையாக மனதில் வைத்து எழுதப்பட்ட ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம்தான் பின்னால் நம் பள்ளிகளின் வேதமானது. வாய்ஸ் மாற்றுவதைக் கணக்குப் போடுவதுபோலச் செய்யும் பழக்கம் அப்படிப்பட்ட புத்தகங்கள் வழியே வேரூன்றியது. செய்தவர் முக்கியமில்லை என்று முடிவு செய்வது யார் என்பதை விதி சொல்வதில்லை.

வேதியியல் ரெக்கார்டு நோட்டில் 'பியூரெட்டில் அமிலம் எடுக்கப்பட்டது' என்று எழுதுகிறோம். அது நியாயம். யார் எடுத்தாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அந்தச் சோதனையின் அடிப்படை. செய்தவரை நீக்கினால் உண்மை குறைவதில்லை. இதே வாக்கிய அமைப்பு ஆய்வுக்கூடத்தை விட்டுக் காவல்நிலையத்துக்குள் நுழையும்போதுதான் சிக்கல்.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். சவ்வாது மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது படை. ஆங்கிலச் செய்தி நடையில் இது 'ட்வென்ட்டி பெர்சன்ஸ் வேர் கில்டு இன் அன் என்கவுன்டர்' என்று ஆகிறது. இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதியபோது மலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: 'சார், இதுல 'பை' எங்க சார் போச்சு?' இலக்கண வகுப்பில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான்.

அவள் ஊரில் அந்தச் சாவை 'சுட்டுட்டாங்க' என்கிறார்கள். அதில் எழுவாய் இல்லை. ஆனாலும் 'ஆங்க' என்ற விகுதிக்குள் ஆட்கள் நிற்கிறார்கள். வினை எதையெல்லாம் உணர்த்தும் என்று எண்ணும் நன்னூல், செய்பவனிலிருந்துதான் தொடங்குகிறது. 'கொல்லப்பட்டனர்' என்ற வினைமுற்றிலோ விகுதி செத்தவர்களைக் காட்டுகிறது, கொன்றவர்கள் போய்விடுகிறார்கள். நம் பேச்சில் 'படு' சேர்ந்த இந்த வடிவம் அரிது. அரசாணை, எஃப்.ஐ.ஆர்., செய்தித்தாள் ஆகியவற்றின் தமிழில்தான் அது மண்டிக் கிடக்கிறது.

மறைந்த செய்தவரைத் திரும்ப வாக்கியத்துக்குள் கொண்டுவர என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரும் சவ்வாது மலையைப்போல மலையாளிப் பழங்குடிகளுடையது. சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். 'வாச்சாத்தி தாக்கப்பட்டது' என்பதைக்கூட அரசுத் தரப்பு முதலில் ஒப்பவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் ஊர்ப் பெண்களும் விடாமல் போராடிய பிறகு, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தாக்கியவர்களைச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்குக் காலத்தில் இறந்த 54 பேர் போக மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பேசிவிலிருந்து ஆக்டிவுக்கு வர 19 ஆண்டுகள்.

இனி கல்லூரிக்கு வருவோம். ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவருக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம் 'ஐ' போடாதே என்பது. 'இட் இஸ் அப்சர்வ்டு', 'இட் இஸ் ஃபவுண்ட்' என்று எழுதினால் புறநிலைத்தன்மை வந்துவிடுமாம். 'பழங்குடிகள் அறியாமையில் இருப்பது கண்டறியப்பட்டது' என்று ஓர் ஆய்வேடு எழுதும். கண்டறிந்தது யார், ஜீப்பில் வந்து எத்தனை நாள் தங்கினார், யாரிடம் பேசினார்? அந்த விவரங்கள்தானே ஆய்வை மதிப்பிட உதவும்? தலைமுறைகளாகப் பிறர் ஆய்வேடுகளில் 'அவர்கள்' ஆக இருந்தவர்களின் பிள்ளை முதல்முறையாக 'நான்' என்று எழுத வருகிறது. அப்போது பார்த்து அந்தச் சொல்லை நீக்கச் சொல்கிறோம்.

அதற்காகப் பேசிவையே ஒழித்துவிடு என்று நான் சொல்லவில்லை. ஆங்கில நடைக் கையேடுகள் சில அப்படித்தான் கூவுகின்றன. 'எங்கள் நிலம் பிடுங்கப்பட்டது' என்று மனு எழுதுகிற பெண், பிடுங்கியவர் பெயரைச் சொன்னால் ஊரில் இருக்க முடியாது என்பதால் அப்படி எழுதியிருக்கலாம். அங்கே பேசிவ் அவளுக்குக் கவசம். 1987இல் ஈரான்-கான்ட்ரா ஊழல் பற்றி, தவறுகள் நேர்ந்துவிட்டன என்ற பொருள்படப் பேசிய அமெரிக்க அதிபர் ரேகனுக்கும் அதே இலக்கணம்தான் கவசம். இலக்கணம் ஒன்று, அதிகாரம் வேறு. இந்த வேறுபாட்டைப் படிக்கத் தெரிந்தவரே மொழி தெரிந்தவர்.

ஆகவே பயிற்சியை மாற்றலாம். மாம்பழத்தை விட்டுவிட்டு, அன்றைய செய்தித்தாளிலிருந்து பத்துச் செயப்பாட்டு வாக்கியங்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் விடுபட்ட 'பை' யாருடையது, விட்டதால் யாருக்கு லாபம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிப்பதற்குள் பாஸ்ட் பார்ட்டிசிப்பிளும் தானாகப் படிந்துவிடும். தெருவில் கூட்டம் போடுகிற நாமும் நம் துண்டறிக்கைகளை ஒருமுறை அப்படிப் படித்துப் பார்க்கலாம்.