பாட்டும் கேட்போன் முகமும்

இசையைப் படம்பிடித்தல் பாடுவோனைப் படம்பிடித்தலே என்பர் பலர். அக்கூற்று முற்றும் பொருந்தாதென்பதை, ஜேம்ஸ் சலப்ஸ்கி 1975ஆம் ஆண்டின் இறுதியிலும் 1976ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் எடுத்த 'ஹார்ற்வோண் ஹைவேய்ஸ்' என்னும் அமெரிக்க ஆவணப்படம் காட்டும்.

ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரிலே, ஒரு சிறிய அடுக்களையில் ரவுன்ஸ் வான் சான்ற் கிற்றார் மீட்டிப் பாடுகின்றார். மேடையில்லை, அணுக்கமானோர் சிலரே உளர். அருகிருந்து கேட்கும் முதிய கொல்லர் சீமோர் வாஷிங்ரனின் கன்னங்களிற் கண்ணீர் வழிகின்றது. படக்கருவி அம்முகத்தையும் நோக்குகின்றது.

பிறர் துயரைக் காட்சிப்பொருளாக்குதல் தகுமோ எனின், கண்ணீரைத் தேடிச் செல்லுதல் தகாது. பாட்டே வருவித்த கண்ணீரை மறைத்தலோ பாட்டிற் பாதியை மறைத்தலாம். பாடுவோன் குரலிற் பிறந்த துயர் கேட்போன் மெய்யிற் புலப்படுதலே மெய்ப்பாடு. அதனைக் குலையாது பதிந்தமையே இப்படத்தின் சிறப்பு.