பின்தொடர்வோரும் பதிவும்: ஊசுட்டேரியை முன்வைத்து இணையவழிப் பறவை நோக்கல் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இணையவழிப் பறவை நோக்கர் குழுக்களில் ஒருவர் பெறும் கவனம் மூன்று வகைகளில் அளக்கப்படுகிறது. அவை பின்தொடர்வோர் எண்ணிக்கை, பட்டியலில் பெறும் இடம், பதிவின் பயன் என்பன. இம்மூன்றும் ஒன்றல்ல என்பதையும், முதலிரண்டும் மூன்றாவதற்கு எதிராகச் செயற்படும் இடங்கள் உண்டு என்பதையும் சேதராப்பட்டை அடுத்துள்ள ஊசுட்டேரியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பறவை நோக்கல், ஊசுடு ஏரி, இ-பேர்ட், பின்தொடர்வோர், தமிழ்ப் பறவைப் பெயர்கள்

முன்னுரை

புதுச்சேரியின் தொழிற்பேட்டைகளுள் ஒன்று சேதராப்பட்டில் அமைந்துள்ளது. அதற்கு அண்மையில், புதுச்சேரிக்கும் தமிழகத்திற்கும் பொதுவாகப் பரந்து கிடக்கிறது ஊசுடு ஏரி. புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டு தன் எல்லைக்குட்பட்ட ஏரிப் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஒருபுறம் ஆலைகள், மறுபுறம் வலசைப் பறவைகள் என அமைந்த இவ்விடத்தில், ஒரு பறவையைக் கண்டவர் அதை எங்கே, எவ்வாறு பகிர்கிறார் என்பது தனிமனிதப் பொழுதுபோக்கோடு முடிந்துவிடுவதில்லை. ஏரியைப் பற்றிப் பின்னாளில் எழும் வினாக்களுக்கு அப்பகிர்வே சான்றாக அமையக்கூடும்.

கவனத்தின் இரு வழிகள்

இன்றைய பறவை ஆர்வலர் பொதுவாக இரு களங்களில் இயங்குகிறார். ஒன்று, படங்களை முதன்மையாகக் கொண்ட முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற சமூக ஊடகம். மற்றொன்று, பட்டியலை முதன்மையாகக் கொண்ட இ-பேர்ட். பின்னதைக் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபான் சங்கமும் இணைந்து 2002இல் தொடங்கின.

சமூக ஊடகத்தில் விருப்பக்குறியும் பின்தொடர்வோரும் கவனத்தின் அளவுகோல்கள். அரியதும் அழகியதும் அண்மையில் எடுக்கப்பட்டதுமான படமே அங்கு விரைந்து பரவும். ஆயிரம் நாமக்கோழிகள் மிதக்கும் நீர்ப்பரப்பைவிட, ஒற்றைப் பூநாரை சிறகு விரிக்கும் படம் மிகுதியான பார்வையாளரை ஈர்க்கும். இதில் வியப்பில்லை; ஆனால் விளைவு உண்டு. மிகுதியாகக் காணப்படும் பறவை பகிரப்படாமல் போகிறது. அது மெல்லக் குறைந்துவரும் காலத்திலும், குறைவை உணர்த்தும் முந்தைய பதிவு எவரிடமும் இராது.

இ-பேர்ட் கேட்கும் வினா வேறு. நோக்கிய இடம், நாள், தொடங்கிய நேரம், கால அளவு, நடந்த தொலைவு ஆகியவற்றுடன், அடையாளம் காண முடிந்த பறவைகள் அனைத்தும் பட்டியலில் உள்ளனவா என்றும் அது கேட்கிறது. இவ்வொரு வினாவே இரு களங்களையும் வேறுபடுத்துகிறது. ‘ஆம்’ என்னும் விடையோடு அளிக்கப்படும் முழுப்பட்டியலில், ஒரு பறவையின் பெயர் இல்லாமையும் செய்தியாகிறது. படத்தால் இருப்பை மட்டுமே காட்ட இயலும். முழுப்பட்டியல் காணாமையையும் கூறும்.

எண்ணிக்கை தந்த பயன்

இத்தகைய பட்டியல்களின் பயனை ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கைகள் உணர்த்துகின்றன. 2023ஆம் ஆண்டு அறிக்கை, 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் அளித்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அவற்றுள் 178 இனங்களைப் பாதுகாப்பில் உயர் முன்னுரிமைக்குரியனவாக வகைப்படுத்தியது. இப்பதிவுகளை அளித்தோரில் மிகப்பெரும்பாலோர் பின்தொடர்வோர் கூட்டம் எதுவும் இல்லாதவர்கள். அவர்களின் உழைப்பு பெயரற்றதாயினும் பயனற்றதன்று.

தமிழகத்தில் 2015 முதல் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இவ்வழியைச் சார்ந்ததே. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பறவைகளை நோக்கிப் பட்டியலிடுமாறு அது கேட்கிறது. விலையுயர்ந்த ஒளிப்படக்கருவி இல்லாத மாணவரும் தம் வீட்டு வாசலில் இருந்தபடி இதில் பங்குகொள்ளலாம். குழுவிற்குப் புதியவர் வருவதும், வந்தவர் நிலைப்பதும் இத்தகைய எளிய நுழைவாயிலைப் பெரிதும் சார்ந்துள்ளன.

பட்டியலின் குறைகள்

பட்டியல் வழியும் குற்றமற்றதன்று. ஒவ்வொரு பகுதியிலும் மிகுதியான இனங்களைக் கண்டோரை இ-பேர்ட் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இவ்வரிசை ஊக்கம் தருவது போலவே போட்டியையும் வளர்க்கிறது. பின்தொடர்வோர் எண்ணிக்கையை விட்டு விலகியவர், இன எண்ணிக்கையின் பின் ஓடத் தொடங்குவதும் நிகழலாம். பலரறிந்த நீர்நிலைக்கே அனைவரும் செல்லும்போது, அதனை அடுத்துள்ள சிற்றூர்க் குளம் பதிவின்றி நிற்கும். ஊசுட்டேரிக்கு வருபவர் வழியிலுள்ள சிறு ஏரிகளிலும் கால்மணி நேரம் நின்று பட்டியலிட்டால் அன்றி இக்குறை நீங்காது.

கூட்டில் அமர்ந்த பறவையைப் படமெடுக்கும் ஆசை இதனினும் கொடிது. தாய்ப்பறவை கலைந்தால் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். ஆதலால் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என விதி வகுத்துக்கொண்ட குழுக்களும் உள்ளன. பார்வையாளரைத் தரும் படத்தை மறுக்கத் துணியும் குழுவே தன் நோக்கத்தை மறவாத குழு எனலாம்.

தமிழின் இடம்

மூன்றாவது வழி ஒன்றும் கருதத்தக்கது. அது எழுத்தின் வழி. மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் தாம் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை குறித்த பத்தியை எழுதிவந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தலைப்பில் தொகுத்தார். கிருஷ்ணனின் வாசகர்கள் அரிய பறவைக்காக மட்டும் காத்திருந்தவர்கள் அல்லர். அண்டைவீட்டுக் காக்கையையும் அணிலையும் கூர்ந்து நோக்க அவர்களை அவர் பழக்கினார். வாசகரைப் பெறுவதற்கும் வாசகரை உருவாக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

சத்திமுத்தப் புலவரின் நாரைவிடு தூதுப் பாடலும் இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. வறுமையைப் பாடவந்த அப்புலவர், பறவையின் காலின் நிறத்தையும் அலகின் வடிவத்தையும் வலசைத் திசையையும் தவறாது குறித்துள்ளார். இன்றைய களக்குறிப்பு வேண்டும் கூறுகளுள் பல அதில் உள்ளன.

நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நாமக்கோழி போன்ற பெயர்கள் தாமே களக்குறிப்புகள். முதற்பெயர் உணவையும், இரண்டாவது கழுத்தின் தோற்றத்தையும், மூன்றாவது நெற்றியின் வெண்குறியையும் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலக் குறிப்போடு இடப்படும் படம் தொலைவிலுள்ளோரைச் சேர்க்கும். தமிழ்ப்பெயரோடு இடப்படும் குறிப்பு ஏரிக்கரை உழவரையும் மீனவரையும் உரையாடலுக்குள் கொணரும். நாள்தோறும் ஏரியைக் காண்பவர்கள் அவர்களே. அவர்கள் அளிக்கும் மறுமொழி ஒன்று, தொலைவிலிருந்து வரும் நூறு விருப்பக்குறிகளினும் ஆய்வுக்குப் பயன்படும்.

முடிவுரை

பின்தொடர்வோரைப் பெறுதல் இழிவானதன்று; ஆர்வம் பரவ அதுவும் ஒரு வாயில். ஆயின் அவ்வாயில் வழியே வந்தவர் பார்வையாளராகவே நின்றுவிட்டால் குழு பெருகும், அறிவு பெருகாது. படத்தோடு இடம், நாள், எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்தல், ஐயம் கேட்கும் புதியவர்க்குப் பொறுமையுடன் விடையளித்தல், பொதுப் பறவைகளையும் விடாது பதிதல், தமிழ்ப்பெயரை முன்வைத்தல் ஆகிய நான்கும் பார்வையாளரைப் பதிவாளராக்கும் வழிகள். ஊசுட்டேரியில் இவ்வாண்டு வந்த நாமக்கோழிகள் எத்தனை என்று பத்தாண்டுகளுக்குப் பின் ஒருவர் கேட்கும்போது, விடை சொல்லக்கூடியது விருப்பக்குறி அன்று. எவரோ ஒருவர் கரையில் நின்று எண்ணி எழுதிய பட்டியலே.