கிம் முன்னே வந்தால் பின்னால் யார்?

2024 ஏப்ரல் 30, மியூனிக் நகரின் அலையன்ஸ் அரங்கம். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் 24ஆவது நிமிடம். ரியல் மாட்ரிட்டின் வினிசியஸ் ஜூனியர் பந்தைக் கேட்பவர்போல நடுக்களம் நோக்கி இறங்கி வருகிறார். பயர்ன் மியூனிக்கின் சென்டர் பேக் கிம் மின் ஜேயும் தன் இடத்தை விட்டு அவரை ஒட்டியே முன்னே வருகிறார். பந்து டோனி குரூஸின் காலில் இருக்கிறது. குரூஸ் கையை நீட்டி, கிம் காலிசெய்துவிட்டு வந்த இடத்தைக் காட்டுகிறார். வினிசியஸ் சட்டென்று திரும்பி ஓட, பந்தும் சரியாக அங்கேயே போய்ச் சேருகிறது. எதிரே கோல்கீப்பர் நொயர் மட்டும்தான். கோல்.

பிறகு பயர்ன் இரண்டு கோல் போட்டு முந்தியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பெனால்டி பகுதிக்குள் ரோட்ரிகோவை வீழ்த்தியவரும் கிம்தான். பெனால்டியை வினிசியஸ் கோலாக்க, ஆட்டம் 2-2 என்று முடிந்தது. கிம்முக்குப் பேராசை அதிகம், பந்துக்காகத் தேவைக்கு மேல் பாய்கிறார் என்று பயிற்சியாளர் தாமஸ் துக்கெல் பத்திரிகையாளர்கள் முன்னிலையிலேயே குறைசொன்னார்.

தவறுகள் இரண்டும் கிம்முடையவைதான், அதில் விவாதமே இல்லை. ஆனால் அந்த ‘பேராசை’க்காகத்தான் ஓராண்டுக்கு முன்பு பயர்ன் ஏறத்தாழ 5 கோடி யூரோ கொடுத்து அவரை வாங்கியது. கிம்மின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தென் கொரியாவின் தென்கடலோர ஊரான தொங்யோங்கில் 1996இல் பிறந்தவர் கிம். அப்பா ஜூடோ வீரர், அம்மா ஓட்டப்பந்தய வீராங்கனை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, முதல்தர லீகுக்குக் கீழேயுள்ள ஓர் அணியில் சில மாதம் ஆடினார். 2017இல் ஜியோன்புக் அணிக்கு வந்ததும் முதல் ஆண்டிலேயே லீக் கோப்பை, சிறந்த இளம் வீரர் விருது. 190 சென்டிமீட்டர் உயரமும் அந்த உயரத்துக்குச் சற்றும் பொருந்தாத வேகமும் சேர்ந்து, ‘மான்ஸ்டர்’ என்ற பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்தன.

2019இல் ஐரோப்பாவுக்குப் போகாமல் பெய்ஜிங் குவோஆன் அணியில் சேர்ந்தபோது, பணத்துக்காகச் சீனா போய்விட்டார் என்று சொந்த நாட்டிலேயே ஏச்சு கிடைத்தது. அந்த ஏச்சில் எனக்கு உடன்பாடில்லை. பந்து பறிபோன நொடியிலேயே மேலே பாய்ந்து மீட்கும் ஆட்டத்துக்குப் பேர்போன ஜெர்மானியர் ரோஜர் ஷ்மிட்தான் அப்போது அங்கே பயிற்சியாளர். அந்தப் பழக்கம் வீண்போகவில்லை: 2021இல் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாச்சேயில் கிம் கால்வைத்த முதல் மாதங்களிலேயே, ஐரோப்பிய வேகத்துக்குப் பழக அவருக்கு அவகாசம் தேவைப்படவில்லை என்பது தெரிந்துபோனது.

அங்கிருந்து 2022 கோடையில் நாப்போலி. எட்டு ஆண்டு அந்த நகரத்தின் செல்லப்பிள்ளையாக இருந்த கலிடு கூலிபாலி செல்சிக்குக் கிளம்பிவிட்டார். அவர் இடத்துக்கு இத்தாலிய லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாத கொரியர் வந்தால் ரசிகர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? போதாக்குறைக்கு, இத்தாலியர்களின் மனத்தில் கொரியா என்றாலே 2002 உலகக் கோப்பைதான். பெருஜியா அணிக்கு ஆடிக்கொண்டிருந்த ஆன் ஜங் ஹ்வானின் தங்க கோல் (கூடுதல் நேரத்தில் ஆட்டத்தை அங்கேயே முடிக்கும் கோல்) இத்தாலியை வெளியேற்றியதும், அவருக்கு இனி என் கிளப்பில் இடமில்லை என்று பெருஜியாவின் தலைவர் அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

செப்டம்பர் 18, மிலான் நகரின் சான் சிரோ அரங்கம். மிலானுக்கு எதிராக நாப்போலி 2-1 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மிலானின் பிராஹிம் டயஸ் மிக அருகிலிருந்து பந்தைக் கோலை நோக்கி அனுப்புகிறார். கிம் தன் காலை நீட்டி அந்தப் பந்தைத் தடுத்துவிட்டு, கோல் போட்டவர்போல முஷ்டியை மடக்கி உறுமுகிறார். அந்த மாதத்துக்கான இத்தாலிய லீகின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. கூலிபாலியைப் பற்றிய பேச்சு அதோடு ஓய்ந்தது.

மரடோனா காலத்துக்குப் பின், 33 ஆண்டு காத்திருந்து நாப்போலி லீக் கோப்பையைத் தூக்கிய பருவம் அது. 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 28 மட்டுமே, லீகிலேயே மிகக் குறைவு. சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது கிம்முக்கு. அடுத்த ஆண்டு அவரும் பயிற்சியாளர் லூசியானோ ஸ்பாலெட்டியும் இல்லாத நாப்போலி 48 கோல் வாங்கி 10ஆவது இடத்துக்குச் சரிந்தது.

நாப்போலியிலும் கிம் முன்னே பாய்ந்தார், ஆட்டத்துக்கு ஆட்டம் பாய்ந்தார். எதிரணி முன்கள வீரர் பந்தை வாங்கித் திரும்புவதற்கு முன்பே முதுகோடு ஒட்டி நின்று பறிப்பதுதான் அவர் பாணி. வித்தியாசம் என்னவென்றால், அவர் கிளம்பும்போது இணை சென்டர் பேக் அமீர் ரஹ்மானி தன் இடத்தை விட்டு அசையமாட்டார். பின்களத்துக்கு முன்னால் நடுகள வீரர் லோபோட்கா இருப்பார். மூன்று வரிசைகளும் நெருக்கமாக நின்றதால், கிம் தவறவிட்ட பந்தும் இன்னொரு நாப்போலிக்காரரின் காலில்தான் போய் விழும். பாய்ச்சல் கிம்முடையது, அதற்கான காப்பு அணியுடையது.

பயர்னில் முதல் ஆண்டு அந்தக் காப்பு இல்லை. பின்களத்துக்கு முன்னால் நின்று மறிக்கும் ஒரு நடுகள வீரர் வேண்டும் என்று துக்கெல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபுல்ஹாமின் ஜாவ் பாலின்யாவை வாங்கும் முயற்சி, வீரர் மாற்றத்துக்கான பதிவு முடியும் நாளன்று முறிந்தது. மற்ற சென்டர் பேக்குகளான டி லிக்டும் உபமெக்கானோவும் மாறி மாறிக் காயத்தில் படுக்க, இலையுதிர்காலம் முழுக்கக் கிம் ஓய்வே இல்லாமல் ஆடினார். ஜனவரியில் ஆசியக் கோப்பைக்காகக் கத்தார். மஞ்சள் அட்டைகளால் அரையிறுதியில் அவருக்குத் தடை, அவர் இல்லாத கொரியா ஜோர்டானிடம் 0-2 என்று தோற்றது. திரும்பி வந்த சில வாரங்களிலேயே மியூனிக்கில் அவர் இடம் எரிக் டையருக்குப் போனது. மாட்ரிட்டுக்கு எதிரான அந்த இரவில் டி லிக்டுக்கு முழங்கால் சரியில்லாததால்தான் கிம்முக்கு வாய்ப்பே வந்தது. வாரக்கணக்கில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், கிடைத்த பெரிய ஆட்டத்தில் தன்னை நிரூபிக்கப் பார்த்தார். அவசரம் எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை.

2024இல் பயிற்சியாளராக வந்த வின்சென்ட் கொம்பனி தானே பேர்பெற்ற சென்டர் பேக். கிம்மை அடக்கி வைக்காமல், கிம்மையும் உபமெக்கானோவையும் மையக்கோடு வரை ஏற்றி நிறுத்தினார். முன்வரிசையே எதிரணியின் கழுத்தைப் பிடித்ததால், பின்னால் கிடந்த பரந்த வெளிக்குப் பந்து போடுவதற்கு எதிராளிக்கு நேரம் கிடைக்கவில்லை. நவம்பரில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெயினைப் பயர்ன் 1-0 என்று வென்றபோது, அந்த ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் கிம். முந்தைய பருவத்தில் லீகில் 45 கோல் வாங்கிய அணி இந்த முறை 32 மட்டுமே வாங்கிக் கோப்பையை மீட்டது.

அதே பருவத்தில்தான் உடம்பு மறுத்தது. அக்டோபரிலிருந்தே குதிகால் தசைநாணில் வலி. மார்ச்சில் உபமெக்கானோ, அல்போன்சோ டேவிஸ், இட்டோ என்று ஒருவர் பின் ஒருவராகச் சாய, வலியோடிருந்த கிம்மை உட்கார வைக்க வழியில்லை. ஏப்ரலில் டோர்ட்முண்டுக்கு எதிராக ஒரு கோல் அவர் கோட்டைவிட்டதால் வந்தது. நான்கு நாள் கழித்து மிலான் நகரில் இன்டருக்கு எதிரான ஆட்டத்தில், கார்னர் பந்தில் பவார்டைத் தவறவிட்டார். பயர்ன் சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேறியது. சமூக ஊடகங்களில் அந்த வாரம் அவர் பெயர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஐரோப்பாவில் ஆடும் ஆசிய வீரரின் நாட்காட்டியை அவரை ஏசிய ரசிகர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். ஸ்பெயின்காரர் நாட்டு அணிக்கு ஆட இரண்டு மணி நேரம் பறந்தால் போதும். கிம் சியோலுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து, இரவுபகல் தலைகீழான உடம்போடு இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு, திரும்பிய வார இறுதியிலேயே ஜெர்மன் லீகில் இறங்கவேண்டும். 2018 ஆசிய விளையாட்டுத் தங்கம் அவரை நீண்ட கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விடுவித்தது உண்மை. ஆனால் அதற்குப் பதிலான மூன்று வார ராணுவப் பயிற்சியை, நாப்போலியின் நீண்ட பருவம் முடிந்த 2023 கோடையில், பயர்னுக்குப் போகும் முன்பு அவர் முடித்தாகவேண்டியிருந்தது. மற்றவர்கள் கடற்கரையில் இளைப்பாறிய வாரங்கள் அவை.

2025 மார்ச்சில் கிம்மின் குதிகாலை முன்னிட்டுக் கொரியப் பயிற்சியாளர் ஹாங் மியுங் போ, காயத்தைத் தடுக்கும் கடமையைப் பயர்ன் சரியாகச் செய்யவில்லை என்று நேரடியாகவே சாடினார். 2002இல் கொரியாவை அரையிறுதி வரை அழைத்துச் சென்ற அணித்தலைவர் அவர், அவரும் தடுப்பாட்டக்காரர்தான். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதே கேள்வியை கொரியக் கால்பந்துச் சங்கத்திடமும் கேட்கவேண்டும். ஆசியத் தகுதிச்சுற்றில் வலுக்குறைந்த அணிகளுக்கு எதிராகவும் கிம்மைத் தவறாமல் வரவழைத்து ஆடவைத்தது மியூனிக் அல்ல.

2025 கோடையில் பயர்ன் சென்டர் பேக் ஜோனத்தன் தாவைச் சேர்த்துக்கொண்டதும், கிம்மின் கதை முடிந்தது என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாவும் உபமெக்கானோவும் முதல் இணையாக நின்றால் கிம்முக்கு ஆட்டங்கள் குறையும், அந்தக் குதிகாலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. கொம்பனி செய்யவேண்டியது ஒன்றுதான்: கிம் இறங்கும் நாளில், இடத்தை விட்டு அசையாத ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தட்டும். அவரைப் பொறுமையாகக் காத்து நிற்கும் தடுப்பாட்டக்காரராக மாற்றப் பார்த்தால் கிம்மும் கிடைக்கமாட்டார், அவருக்குப் பதிலாக வேறு நல்ல ஆட்டக்காரரும் கிடைக்கமாட்டார்.